தோன்றா எழுவாய்

ஒரே ஒரு வாக்கியத்துக்காக மூன்று வாரம் நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். எந்தப் பதிப்பகமும் என்னிடம் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை. படித்ததில் பிடித்த பக்கத்தைத் தமிழில் எழுதிப் பார்ப்பது பல வருடப் பழக்கம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சிலர் குறுக்கெழுத்துப் போடுவார்களே, அது மாதிரி. அப்படித்தான் ஆங்கிலப் பத்திரிகையாளர் வில்லியம் காபெட்டின் கிராமப் பயணக் குறிப்புகள் என் மேசைக்கு வந்தன. ‘ரூரல் ரைட்ஸ்’ என்ற பெயரில் 1830இல் புத்தகமானவை. நாடாளுமன்றத்தைச் சீர்திருத்தாமல் சோற்றுக்கு வழி பிறக்காது என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டே இருந்த மனிதர், அறுபது வயதை ஒட்டிய நாட்களில் குதிரையேறித் தென் இங்கிலாந்தைச் சுற்றி வந்து எழுதியவை. மண் என்ன நிறம், கோதுமை எப்படி விளைந்திருக்கிறது, கூலிக்காரன் வீட்டுக் கொல்லையில் பன்றி நிற்கிறதா என்று விசாரித்துக்கொண்டே வருவார். அடுத்த வரியில் அமைச்சர் யாருக்காவது வசவு விழும். அதற்கடுத்த வரியில் மறுபடியும் மண்.

1826 ஆகஸ்ட் கடைசி. சால்ஸ்பரிக்குப் பக்கத்தில் ஓல்ட் சாரம் என்ற குன்றைக் கடந்து போகிறார். மூன்று பாலாடைக்கட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போல் இருக்கிறது என்று அதன் உருவத்தை எழுதுகிறார். அடியில் இருப்பது அகலமானது, மேலே போகப் போகச் சிறியது. வழியில், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒருவர் எதிர்ப்படுகிறார். பிழைப்பு எப்படி என்று காபெட் கேட்கிறார். ரொம்ப மோசம் என்கிறார் அவர். என்ன காரணம்? காலம் கெட்டுக் கிடக்கிறது. “என்ன காலம்? இதைவிட நல்ல கோடை உண்டா? இதைவிட நல்ல அறுவடை உண்டா? களத்துக்குக் களம் பழைய கோதுமைப் போர் இன்னும் பிரிக்காமல் நிற்கவில்லையா?” அதெல்லாம் இருந்தாலும் ஏழைகளுக்குக் கெடுதலாகத்தான் ஆக்கிவிடுகிறார்கள் என்கிறார் அந்த மனிதர். காபெட் பாய்கிறார்: “அவர்களா? யார் அந்த அவர்கள்?” பதில் இல்லை. “இல்லை நண்பரே, இல்லை. அவர்கள் இல்லை. அதோ அந்தச் சபிக்கப்பட்ட குன்றுதான், நீங்கள் வீடு போய்ச் சேரும்போது மேசையில் ஆவி பறக்க இருந்திருக்க வேண்டிய சாப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டது.” ஒரு குவளை பீருக்கான காசைக் கொடுத்துவிட்டுக் குதிரையைத் தட்டுகிறார். எலும்பும் தோலுமான அந்தப் பாவப்பட்ட உருவம், கேட்டதன் பொருள் புரியாமல் நிற்கிறது.

நான் மாட்டிக்கொண்டது ‘ஆக்கிவிடுகிறார்கள்’ என்ற இடத்தில். ஆங்கிலத்தில் அந்த ‘அவர்கள்’ தனிச்சொல்லாக வாக்கியத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. காபெட் அதைக் காதைப் பிடித்துத் தூக்கி, இது யார் என்று கேட்டுவிட முடிகிறது. தமிழில் அந்த ஆள் வாக்கியத்துக்குள் வருவதே கிடையாது. வினையின் வாலில் ஓர் ‘ஆர்கள்’ ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். விலையை ஏற்றிவிட்டார்கள். தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எட்டாம் வகுப்புத் தமிழ் ஐயா இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார். எழுவாய் வெளியே தெரியாது, ஆனால் இருக்கிறது என்று தேர்வில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த இரண்டு மதிப்பெண்ணுக்கு இப்படி ஒரு வட்டி கட்ட வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. ‘அவர்கள்’ என்று வலிந்து சேர்த்து எழுதினால் அந்தக் கூலிக்காரர் பாடப்புத்தகம் மாதிரிப் பேசுகிறார். சேர்க்காவிட்டால் காபெட்டின் கேள்விக்குப் பிடிமானம் இல்லை.

இது மொழிபெயர்ப்புச் சிக்கலாக மட்டும் இருந்திருந்தால் ஒரு வழியாகச் சமாளித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். விடாமல் உறுத்தியதற்குக் காரணம் பெரியம்மா. சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு வந்துகொண்டிருந்த முதியோர் உதவித்தொகை ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. “நிறுத்திவிட்டார்கள்” என்றார். யார் என்று கேட்டேன். என்னை ஏதோ சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்தார். அவரை அழைத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். நாற்காலியில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மேலே நிறுத்திவிட்டார்கள்.” சொல்லும்போது விரல் மேலே போயிற்று. நிமிர்ந்து பார்த்தேன், ஓடாத மின்விசிறிதான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினேன். ‘உதவித்தொகை எவ்வித முன்னறிவிப்புமின்றி நிறுத்தப்பட்டுள்ளது.’ அழகான வாக்கியம் என்று அப்போது எனக்கு உள்ளூரப் பெருமை. பெரியம்மாவின் வாக்கியத்தில் ஒரு வாலாவது இருந்தது. நான் அதையும் நறுக்கிவிட்டேன்.

குன்றின் மேல் யாரும் இல்லை

ஓல்ட் சாரம் எப்படிப்பட்ட தொகுதி என்பது பள்ளி வரலாற்றுப் புத்தகம் படித்த எல்லோருக்கும் ஓரளவு தெரியும். மேலே கோட்டையின் இடிபாடு, கீழே வயல். குடியிருப்பு என்று ஒன்றும் கிடையாது. அங்கிருந்து இரண்டு உறுப்பினர்கள் நாடாளுமன்றம் போனார்கள். ஆலைகளும் ஆட்களுமாக நெரிந்த மான்செஸ்டருக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. சாரத்தின் வாக்குரிமை மனிதர்களிடம் இல்லாமல் சில துண்டு நிலங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. நிலத்தை வாங்கினால் தொகுதியும் கூடவே வரும். தேர்தல் ஒரு மரத்தடியில் நடந்து முடிந்துவிடும்.

காபெட்டின் கணக்கு நேரானது. இந்தக் குன்றும் இதைப் போன்ற தொகுதிகளும் உறுப்பினர்களை அனுப்புகின்றன. அந்த உறுப்பினர்கள் வரிக்குக் கை தூக்குகிறார்கள். அந்த வரி, போருக்கு வாங்கிய கடனின் வட்டியாகவும் வேண்டியவர்களின் மானியமாகவும் போகிறது. வரி எதன்மேல் விழுகிறது? பீர் காய்ச்சும் மால்ட் மேல், சோப்பின் மேல், மெழுகுவத்தியின் மேல், செருப்புத் தோலின் மேல். ஆக, வழியில் பார்த்த மனிதரின் சாப்பாட்டுத் தட்டுக்கும் மூன்றடுக்குப் பாலாடைக்கட்டிக் குன்றுக்கும் நடுவே ஒரு கயிறு ஓடுகிறது. பாதிக் கயிறு எனக்கு இன்னும் சந்தேகம்தான். கூலி குறைந்ததற்கும், பொது நிலம் வேலிக்குள் போனதற்கும், போர் முடிந்ததும் விலைகள் விழுந்ததற்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரு குன்றின் தலையில் கட்டுவது காபெட்டின் குணம். உருளைக்கிழங்கையும் தேநீரையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. தேநீர் குடித்துத்தான் குடும்பங்கள் நாசமாகின்றன என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அவற்றை நான் தேநீரோடுதான் படித்தேன்.

ஆனால் இந்தக் குன்றைப் பற்றித் தேடப் போனபோது கிடைத்தது, என் சிரிப்பைக் கொஞ்சம் அடக்கியது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஓல்ட் சாரத்தை விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். சென்னை வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல: 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். கோட்டைக்கு வருவதற்கு முன்பே, கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாமல் இந்தியக் கரையில் வியாபாரம் செய்து பணம் சேர்த்துக் குன்றை வாங்கிவிட்டார். சென்னையில் வாங்கிய பெரிய வைரம் ஒன்றைப் பிறகு பிரான்ஸின் அரசப் பிரதிநிதிக்கு விற்றது தனிக் கதை. பேரன், பின்னாளில் பிரதமரான மூத்த வில்லியம் பிட், 1735இல் நாடாளுமன்றத்துக்குள் கால் வைத்தது தாத்தாவின் குன்றிலிருந்துதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்று கலிடன் பிரபுவின் கைக்குப் போகிறது. அந்தக் குடும்பத்தின் செல்வமும் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் முளைத்ததே.

இன்னும் கிட்டத்தில் ஒன்று இருக்கிறது. 1773இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை தஞ்சாவூரைப் பிடித்தது. நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களில் பெரும்புள்ளி பால் பென்ஃபீல்டு. தஞ்சையின் வருவாயும், வயலில் நின்ற பயிரும்கூடத் தன் கடனுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டவை என்று அவர் உரிமை கொண்டாடினார். 1780இல் அதே பென்ஃபீல்டு கிரிக்லேடு தொகுதியின் உறுப்பினர். ஓல்ட் சாரம் இருக்கும் அதே வில்ட்ஷயர் வட்டாரம். 1785இல் நவாபின் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் பேசியபோது, முந்தைய நாடாளுமன்றத்தில் எட்டு உறுப்பினர்களை உண்டாக்கியவர் இவர் என்று குற்றம் சாட்டி, ‘மாபெரும் நாடாளுமன்றச் சீர்திருத்தக்காரர்’ என்று கேலியாகப் பட்டமும் கொடுத்தார். அறுக்கும் முன்பே தன் நெல்லை யாரோ எடுத்துக்கொண்டதைப் பார்த்த தஞ்சை விவசாயி அன்றைக்கு என்ன சொல்லியிருப்பார்? ‘எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.’ அதற்குமேல் சொல்ல அவருக்கும் என்ன தெரிந்திருக்கும்? காபெட் வில்ட்ஷயரில் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்க யாரும் குதிரையில் வரவில்லை.

அரைப் பென்னியும் இலக்கணமும்

காபெட் எழுதியவை மலை போலக் குவிந்திருக்கின்றன. 1802இல் தொடங்கிய வாரப் பத்திரிகை ‘பொலிடிகல் ரிஜிஸ்டர்’ 1835இல் அவர் சாகும்வரை வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் நான் படித்துவிட்டேன் என்று சொன்னால் பொய். படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அரசியல் நூலே அல்ல. ஓர் இலக்கணப் புத்தகம். 1817இல், விசாரணையில்லாமல் யாரையும் சிறையில் வைக்க முடியாதபடி காத்த ஆட்கொணர்வு உரிமையை அரசு நிறுத்தி வைத்ததும், மறுபடி சிறைக்குப் போக விரும்பாமல் கப்பலேறி அமெரிக்கா போய்விட்டார். லாங் ஐலண்டில் பண்ணை பார்த்துக்கொண்டே, பதினான்கு வயது மகன் ஜேம்ஸுக்கு எழுதும் கடிதங்களாக ஆங்கில இலக்கணம் எழுதினார். 1818இல் நியூயார்க்கில் வெளிவந்தது. யாருக்காக என்று முகப்பிலேயே போட்டிருக்கிறார்: படைவீரர்கள், மாலுமிகள், தொழில் பழகும் பையன்கள், ஏர் ஓட்டும் பையன்கள்.

இலக்கணத்துக்கும் நாடாளுமன்றச் சீர்திருத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டேன். 1793இல் ஷெஃபீல்டு தொழிலாளர்கள் வாக்குரிமை கேட்டு அனுப்பிய மனுவை, மொழி மரியாதையாக இல்லை என்று சொல்லி மக்களவை வாங்க மறுத்தது. கேட்டது என்ன என்ற பேச்சே எழவில்லை. கேட்ட தொனி சரியில்லை, அவ்வளவுதான். வாக்கியம் கோணலாக இருந்தால் வயிற்றைப் பற்றிப் பேச உரிமையில்லை என்ற நாட்டில், ஏர் ஓட்டும் பையனுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுப்பதைவிடப் பெரிய கலகம் என்ன இருக்கிறது? பிற்பாடு அந்தப் புத்தகத்தில் அரசியல்வாதிகளுக்கென்றே ஆறு பாடங்கள் சேர்த்தார். அரசர் பேருரையையும் பெரிய மனிதர்களின் கடிதங்களையும் எடுத்து வரிவரியாகப் பிழை திருத்துகிறார். உதாரணங்களில்கூட ஆளை விடுவதில்லை. கூட்டப் பெயர்களுக்கு அவர் தரும் பட்டியலைப் பாருங்கள்: கும்பல், நாடாளுமன்றம், காலிக்கூட்டம், மக்களவை, படைப்பிரிவு, அரசர் நீதிமன்றம், திருடர் குகை. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் இதை ஒரு சிறுவனுக்குப் பாடமாகச் சொல்கிறார்.

அவரே இலக்கணம் கற்றது பட்டாளத்தில். ஃபார்னமில் சிறு விவசாயியின் மகன். 1784இல் சிப்பாயாகச் சேர்ந்தார். நாளுக்கு ஆறு பென்ஸ் சம்பளம். படுக்கையின் விளிம்பு நாற்காலி, முதுகுப்பை புத்தக அலமாரி, மடியில் வைத்த பலகைத் துண்டு மேசை. ஓர் இலக்கண நூலை முழுக்கக் கையால் படியெடுத்து, மனப்பாடம் செய்து, காவலுக்கு நிற்கும்போதெல்லாம் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை சொல்லிக்கொள்வாராம். காகிதமோ பேனாவோ வாங்கினால் அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாச் செலவும் போக அரைப் பென்னி மிச்சம். காலையில் புகைபோட்ட ஹெர்ரிங் மீன் ஒன்று வாங்கலாம் என்று வைத்திருக்கிறார். நம்மூர்க் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு உடையைக் கழற்றும்போது பார்த்தால் காசைக் காணோம். உயிரைப் பிடித்து வைக்க முடியாத பசி. கிழிசல் போர்வைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு குழந்தை போல அழுதேன் என்று எழுதுகிறார். ஆறடி உயரமுள்ள சிப்பாய், இருபத்தோரு வயது. வேறு எதை எழுதினாலும் கையை ஓங்கிக்கொண்டே எழுதும் மனிதர், அந்த அரைப் பென்னியைச் சொல்லும்போது மட்டும் யாரையும் திட்டுவதில்லை.

இலக்கணக் கண்ணோடு அவருடைய அரசியலைப் படித்தால், எங்கே போனாலும் எழுவாயைத்தான் தேடுகிறார் என்று தோன்றுகிறது. 1809இல் ஈலி என்ற ஊரில் உள்ளூர்க் காவல்படையினர் முதுகுப்பைக்குப் பணம் பிடித்ததை எதிர்த்து முரண்டு பிடித்தார்கள். ஜெர்மன் குதிரைப்படையை வரவழைத்து அடக்கி, முன்நின்ற ஐந்து பேருக்கு ஆளுக்கு 500 கசையடி விதித்தார்கள். ஒரு பத்திரிகை இதை, கலகம் ‘நல்லவேளையாக அடக்கப்பட்டது’ என்று செய்தியாகப் போட்டது. காபெட் அந்தச் செய்தியை அப்படியே தன் கட்டுரையின் தலையில் ஒட்டி, கீழே ஆரம்பித்தார்: ஆளுக்கு ஐந்நூறு! அதுதான் சரி! அடியுங்கள், அடியுங்கள், அடியுங்கள்! செயப்பாட்டு வினையில் பத்திரமாக உட்கார்ந்திருந்தவர்களை முன்னிலைப் பன்மையில் கூப்பிட்டுவிட்டார். இதற்கு இரண்டு வருடம் நியூகேட் சிறை, ஆயிரம் பவுண்டு அபராதம். நானும் ஒரு ‘நிறுத்தப்பட்டுள்ளது’ எழுதியவன். எனக்கு யாரும் அபராதம் போடவில்லை.

சிறைச் செலவும் கடனுமாகக் கழுத்தை நெரித்தபோது, நாடாளுமன்ற விவாதங்களைத் தொகுத்து அச்சிட்டு வந்த தன் வெளியீட்டைத் தன் அச்சக்காரருக்கு விற்றார். அந்த அச்சக்காரரின் குடும்பப் பெயர் ஹன்சார்ட். இலங்கை நாடாளுமன்றத்திலும் மலேசிய நாடாளுமன்றத்திலும் இன்றைக்கு ‘ஹன்சார்டில் பதிவாகட்டும்’ என்று யாராவது எழுந்து கத்தினால், அது இந்த மனிதரின் கடனில் கொண்டுபோய் விடும். எந்த வாக்கியத்தை யார் சொன்னார் என்று பெயர் போட்டு எழுதி வைக்கும் ஏட்டை அவர் தொடங்கியது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இரண்டு பென்னிக் குப்பை

இதையெல்லாம் எழுதியவர் ஆரம்பத்தில் எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் முதல் தடவை வாழ்ந்தபோது ‘முள்ளம்பன்றி’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டு, புரட்சிக்காரர்களையும் அவர்களுக்காக எழுதிய தாமஸ் பெயினையும் கிழித்துத் தொங்கவிட்டவர். இங்கிலாந்து திரும்பியதும் அரசு ஆதரவுப் பத்திரிகைதான் நடத்தினார். மெல்ல மெல்லக் கசந்து, 1806இல் ஹானிட்டன் இடைத்தேர்தலில் கண் திறந்தது. காசு கொடுக்காத வேட்பாளர் ஒருவரை அங்கே நிறுத்தப் பார்த்தார். கப்பற்படைத் தளபதி காக்ரேன் பிரபு முன்வந்தார். காசு கொடுக்காததால் தோற்றார். தோற்ற பிறகு, தனக்கு வாக்களித்த ஒவ்வொருவருக்கும் பத்து கினி தருவதாக மணியடித்து அறிவிக்கச் செய்தார். அந்த வருடமே வந்த பொதுத்தேர்தலில் அந்த ஞாபகத்தில் எல்லோரும் அவரை ஜெயிக்க வைத்தார்கள். காக்ரேன் காலணா கொடுக்கவில்லை. இதை நான் யாரிடம் சொன்னாலும் நம்மூர்க் கதையாகவே கேட்டுச் சிரிக்கிறார்கள். காபெட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்குகிறவன்மேல் இருந்த கோபம் சிறிது சிறிதாக, வாங்க வைக்கும் ஏற்பாட்டின்மேல் திரும்பியது.

1816 நவம்பரில் அவர் செய்ததுதான் பெரிய வேலை. பத்திரிகைக்கு ஒரு தாளுக்கு நான்கு பென்ஸ் முத்திரை வரி. அவருடைய வார இதழ் ஒரு ஷில்லிங்குக்கு மேல் விற்றது. கூலிக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து வாங்கி, மதுக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். கடைக்காரரின் உரிமத்தில் கை வைப்போம் என்று மிரட்டல் வந்ததும் அதுவும் நின்றது. காபெட் சட்டத்தைப் புரட்டிப் பார்த்து, செய்தியை எடுத்துவிட்டுக் கட்டுரையை மட்டும் ஒரே தாளில் மடிக்காமல் அச்சிட்டார். செய்தி இல்லையென்றால் முத்திரை இல்லை. விலை இரண்டு பென்ஸ். கைவினைஞர்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் என்று நேராகக் கூப்பிட்டு எழுதிய அந்த இதழ் ஒரு மாதத்துக்குள் 44,000 போனதாக அவரே கணக்குச் சொன்னார். எதிரிகள் ‘இரண்டு பென்னிக் குப்பை’ என்றார்கள். பெயர் நன்றாக இருக்கிறதே என்று எடுத்து வைத்துக்கொண்டார். லங்காஷயர் நெசவாளர் சாமுவேல் பாம்ஃபோர்ட் தன் நினைவுக்குறிப்பில் சொல்கிறார்: வட்டாரத்தின் ஏறக்குறைய ஒவ்வொரு குடிசை அடுப்பங்கரையிலும் அதைப் படித்தார்கள், துன்பத்துக்குக் காரணம் கெட்ட ஆட்சி, மருந்து நாடாளுமன்றச் சீர்திருத்தம் என்று காபெட் காட்டிக் கொடுத்தார். அதுவரை இயந்திரத்தையும் ரொட்டிக் கடைக்காரரையும் உடைக்கப் போனவர்களுக்கு, எழுவாய் வேறிடத்தில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார்.

இங்கேதான் எனக்கு அவரோடு சண்டை. காலியிடத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று கிளம்பியவர், கைக்கு எட்டியதையெல்லாம் எடுத்துப் போட்டு நிரப்பினார். ‘ரூரல் ரைட்ஸ்’ முழுக்க யூதர்களைப் பற்றி அவர் எழுதும் வரிகள் படிக்கக் கூசுகின்றன. கறுப்பு மக்களைப் பற்றி எழுதியவை இன்னும் மோசம். அடிமை ஒழிப்புக்குப் போராடிய வில்பர்ஃபோர்ஸைப் பார்த்து, இங்கே வெள்ளைக் கூலிக்காரன் பட்டினி கிடக்கும்போது உனக்கு அங்கே என்ன கவலை என்று எகிறினார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று கடந்துபோக முடியாது. அதே காலத்தில்தான் வில்பர்ஃபோர்ஸும் இருந்தார். யாரையும் பிடிக்க முடியாதபோது, முழு அமைப்புக்கும் ‘அந்தச் சங்கதி’ என்று பெயர் வைத்துப் பெரிய எழுத்தில் அச்சிட்டார். சங்கதி விழும், சங்கதி தின்கிறது, சங்கதி திணறுகிறது. வழியில் பார்த்த மனிதரை மடக்கி யார் அந்த அவர்கள் என்று கேட்டவரிடம், அது என்ன ஐயா அந்தச் சங்கதி என்று யாராவது திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

1832இல் சீர்திருத்தச் சட்டம் வந்து ஓல்ட் சாரத்தின் இரண்டு இடங்களையும் துடைத்தது. அந்த டிசம்பரில் ஓல்டம் தொகுதியிலிருந்து காபெட், எழுபதை நெருங்கும் வயதில், உறுப்பினராக உள்ளே போனார். இங்கே உட்கார்ந்ததிலிருந்து பயனற்ற வெட்டிப்பேச்சுத்தான் நிறையக் கேட்கிறேன் என்பதாக முதல் பேச்சைத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் அதே சீர்திருத்த நாடாளுமன்றம், உதவி வேண்டுமானால், ஏழைகளை அடைத்து வைத்து வேலை வாங்கும் பணிவிடுதிக்குள் வா என்று ஏழைகளுக்குச் சட்டம் போட்டது. காபெட் எதிர்த்து நின்று தோற்றார். 1835 ஜூனில் இறந்தார். நகரங்களில் பத்து பவுண்டு வாடகை மதிப்புள்ள வீட்டுக்காரருக்கு வாக்கு கிடைத்திருந்தது. குன்றின் அடியில் நின்ற அந்த விவசாயக் கூலி, அவர் போன்ற பெரும்பாலோருக்கு வாக்கு வந்த 1884க்கு முன்பே செத்துப் போயிருப்பார்.

போன வாரம் ஒரு வழியாக அந்த வாக்கியத்தை எழுதினேன். “எவ்வளவு விளைந்தாலும் ஏழைகளுக்குக் கெடுதலாக்கிவிடுகிறார்களே ஐயா.” “ஆக்கிவிடுகிறார்கள் என்றால், யார்?” காபெட்டின் ‘அவர்களா?’ போய்விட்டது. வேறு வழி தெரியவில்லை. பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது முழுவதையும் படித்துக் காட்டினேன். அவருடைய உதவித்தொகை ஒன்பது மாதம் கழித்துத் தானாகவே திரும்ப வந்தது; கொடுத்துவிட்டார்கள் என்று போன் செய்தார். யார், எந்த மேலே, எதற்கு நிறுத்தி எதற்குக் கொடுத்தார்கள் என்பது எங்கள் இருவருக்கும் இன்றுவரை தெரியாது. குன்று, வைரம், தஞ்சாவூர் நெல் எல்லாவற்றையும் அவருக்குப் புரிகிற மாதிரி விளக்கிக்கொண்டே வந்தேன். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

“அந்தக் குதிரைக்காரர் காசு கொடுத்தாரே, அவன் அதைக் குடித்தானா, வீட்டுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போனானா?”

புத்தகத்தை மறுபடி திறந்து பார்த்தேன். அடுத்த வரியில் காபெட் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார்.